தரையில் உட்கார ஓர் ஆள்

மறைமலைநகரில் பல வீடுகளில் குழந்தையின் பொழுதைத் தீர்மானிப்பது ஷிஃப்ட் அட்டவணைதான். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகும் அப்பா கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்கும்போது அது விழித்திருக்கும். ஆனால் சத்தம் போடக்கூடாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் துணைநகரமாக வகுத்த ஊர் இது. தொழிற்பேட்டை வேலைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்து தங்கியவர்கள் ஏராளம். இப்போது ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. பாட்டி ஊரில் இருப்பார். பொங்கலுக்குப் போனால் பார்க்கலாம். இரண்டு அறை வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, அதன் அம்மா, ஒரு செல்போன்: பகல் முழுக்க இவ்வளவுதான் ஆட்கள்.

அந்த அம்மா கேட்கும் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நடக்கத் தொடங்கிவிட்ட, பள்ளிக்குப் போக இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருக்கிற குழந்தைக்கு வீட்டிலேயே என்ன விளையாட்டுக் காட்டினால் நல்லது? பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ‘பிரெய்ன் டெவலப்மென்ட்’ என்று அட்டையில் அச்சிட்ட பெட்டிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒன்றரை வயது முடிந்தால் போதும் என்று ப்ளே ஸ்கூல் பேனர்கள் அழைக்கின்றன. நாளுக்கொரு ‘ஆக்டிவிட்டி’ சொல்லித்தரும் காணொளிகளுக்கு முடிவே இல்லை. மத்திய அரசே மாதவாரியாக ஒரு நாள்காட்டி போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் எனக்குப் பட்டது இதுதான்: எந்த விளையாட்டு என்பதால் வரும் வித்தியாசம் சிறியது. குழந்தை ஒன்றைச் செய்ததும் அதற்குப் பதில் கொடுக்க எதிரே ஒருவர் இருக்கிறாரா என்பதால் வரும் வித்தியாசம் பெரியது.

மாதக் கணக்குப் போட்டுக் குழந்தையைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் சொன்ன பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்களில், பத்துப் பருவங்களை வைக்கின்றன. நூலுக்கு நூல் கணக்கு சற்று மாறும். ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடையிட்டு வருவது. பிறகு நிலவை விளையாடக் கூப்பிடும் அம்புலி. கடைசி மூன்றும் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பிரியும். முழுதாகக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்களில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பாடியது. புலவர்கள் குழந்தை வளர்ப்புக் கையேடு எழுத உட்காரவில்லை. அரசனையும் தெய்வத்தையும் புகழ உட்கார்ந்தார்கள். ஆனாலும் குழந்தை மருத்துவர் கையில் இன்று இருக்கும் வளர்ச்சி அட்டவணைக்குப் பக்கத்தில் இந்தப் பருவ வரிசையை வைத்தால் அதிகம் முரண்படாது. பருவப் பாடல்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஆடு, கொட்டு, முத்தம் தா, வா என்று ஒவ்வொன்றும் குழந்தையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. சொல்பவர் எதிரே இருக்கிறார். (பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை காலால் அழிப்பதைக் கொண்டாடும் பருவத்தை மட்டும் நாம் இன்னும் சுமக்க வேண்டியதில்லை.)

இன்னும் பின்னே போகலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்றுகால் சிறுதேர் உருட்டுகிறார்கள். கோழியை விரட்டப் பெண்ணொருத்தி எறிந்த காதணி அந்தத் தேருக்குக் குறுக்கே கிடக்கிறது. தச்சர்கள் செய்துதரும் மூன்று சக்கர நடைவண்டி அதே குடும்பம்தான். குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளிப்போகும் வண்டி அது. குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் வேறு வகை. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் அதற்குத் தடையே போட்டது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, சின்னக் கையை நீட்டிச் சோற்றை அளைந்து நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் பாடுகிறார். இன்று அதற்கு ‘சென்சரி ப்ளே’ என்று பெயர் வைத்து, சாயமேற்றிய அரிசியைத் தட்டில் கொட்டி விளையாடவிடச் சொல்கிறார்கள். அரிசியைச் சாயத்தில் முக்கிக் குப்பையில் கொட்ட நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். பருப்புச் சாதத்தைக் குழந்தையே பிசைந்து தின்றால் அதே வேலை நடந்துவிடும், வயிறும் நிறையும்.

மடியில் வைத்து ஆடும் விளையாட்டுகளில் பருப்புக் கடைவதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். குழந்தையின் உள்ளங்கையில் பெரியவர் தன் முழங்கையை வைத்துக் கடைகிறார். பிறகு அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு, மாமாவுக்கு என்று சோறு பங்கு வைக்கிறார். கடைசியில் அவருடைய இரண்டு விரல்கள் நண்டாகிக் குழந்தையின் மணிக்கட்டிலிருந்து மேலே ஊர்கின்றன. அக்குளை எட்டியதும் கிச்சுக்கிச்சு. ஒரு விரலுக்கு ஒரு பெயர் என்று வைப்பது எண்ணப் பழகுவதற்கு முந்தின படி. உறவுப் பெயர்களும் வந்துவிடுகின்றன. ஆனால் பெரிய பாடம் அந்த நண்டு நின்று நின்று ஊர்வதில் இருக்கிறது. முழங்கை மடிப்பில் நண்டு நிற்கும்போது குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. ஆடிப் பழகியபின் நண்டு கிளம்பும் முன்பே தோளைக் குறுக்கிக்கொள்ளும். இன்னும் சில நாளில் தானே கையை நீட்டிக் கேட்கும். முன்னறிந்து காத்திருப்பது, முறை வைத்து ஆடுவது, வேண்டியதைக் கேட்பது என்று பேச்சுக்கு அடிப்படையான மூன்றும் ஒரு நிமிட விளையாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. சாய்ந்தாடுவது, கைவீசுவது, யானை ஏறுவது எல்லாமே இந்த வகைதான். துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் காட்டும் கண்ணாமூச்சியோ, கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்று குழந்தை அறிவதோடு சேர்ந்தது. உளவியலாளர் பியாஜே தன் சொந்தக் குழந்தைகள் மூவரையும் கவனித்து எழுதியவற்றில் முக்கியமான ஒன்று இந்த அறிதல்.

இப்படியெல்லாம் விளையாடினால் பிற்கால வாழ்க்கையில் ஏதாவது மாறுகிறதா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஜமைக்காவிலிருந்து வந்தது. 1980களின் நடுப்பகுதியில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் வயது 9 முதல் 24 மாதத்துக்குள். சிலருக்கு வாராவாரம் பால்மாவு, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் வீட்டுக்கு வருவார். பழைய டப்பா, துணி, அட்டை கொண்டு செய்த பொம்மையை எடுத்து வருவார். தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாடிக் காட்டுவார். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார். இப்படி இரண்டு வருடம். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து அவர்களைத் தேடிப்போய்க் கேட்டபோது, விளையாட்டுப் பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படியொரு நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

இந்த ஆய்வைக் காட்டிப் பொம்மை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிங்ஸ்டனில் பொம்மைக்குச் செலவே இல்லை. பணிப்பெண் முதன்மையாகச் செய்தது தாயின் பழக்கத்தை மாற்றியது: பொருளின் பெயரைச் சொல்லு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு, செய்தால் பாராட்டு, அடிக்காதே. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்தக் குழந்தைகள் வறுமையிலும் ஊட்டக் குறைவிலும் இருந்தவர்கள். நன்றாகச் சாப்பிட்டு, நாள் முழுக்கப் பேச ஆளிருக்கும் வீட்டுக் குழந்தைக்குக் கூடுதலாக ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தால் சம்பளம் கூடும் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

அதே பாடத்திட்டத்தின் வழிவந்த முறையை ஒடிசாவில் சோதித்தார்கள். கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளில் 421 குழந்தைகள். உள்ளூர்ப் பெண்கள் வாரந்தோறும் வீட்டுக்குப் போனார்கள். அறிவு வளர்ச்சியில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பிறகு ஒடிசாக் கிராமங்களில், வீட்டுக்கு வீடு போவதற்குப் பதில் தாய்மாரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் கூட்டி அதையே செய்தபோது ஏறக்குறைய அதே பலன், செலவோ மிகக் குறைவு. ஒரே அப்பார்ட்மென்ட்டில் நாலைந்து சிறு குழந்தைகள் தனித்தனிக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் நம் ஊருக்கு இந்த இரண்டாவது முடிவு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மாண்டிசோரி என்ற பெயரில்லாமல் இந்த விஷயத்தை இன்று பேச முடிவதில்லை. அந்த அம்மையார் நமக்கு அவ்வளவு தூரத்தவர் அல்லர். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். குழந்தை மனம் சுற்றுப்புறத்தை உறிஞ்சிக்கொள்ளும் விதம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் முதலில் அச்சானது அடையாறில்தான். அவர் சொன்னவற்றில் வீட்டுக்கு உதவுவது ‘வாழ்க்கைச் செயல்கள்’ என்ற பகுதி: தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, பொத்தான் போடுவது. குழந்தைக்கு நாம் செய்வது போலவே செய்ய ஆசை; விளையாட்டுச் சமையலறையைவிட நிஜச் சமையலறைதான் அதற்குப் பிடிக்கும். அதே செயல்களை மரத்தட்டில் அடுக்கிச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பதைப் பார்த்தால், தொழிலாளர் தெருக்களில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய அந்த அம்மையார் என்ன சொல்லியிருப்பாரோ.

தமிழ் வீட்டில் இதற்கு எதையும் வாங்க வேண்டாம். முருங்கைக்கீரை உருவும்போது ஒரு கொத்தைக் குழந்தையிடம் கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் பிடி பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் பிடி. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. எவர்சில்வர் டப்பாக்களும் அவற்றின் மூடிகளும்: எந்த மூடி எதற்கு என்று பொருத்திப் பார்ப்பது ஒன்றரை வயதுக்கு அரை மணிநேர ஆராய்ச்சி. ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், படி, உழக்கு. இட்லித் தட்டின் குழிக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னால், எண் தெரியாமலே ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். துவைத்த துணியில் அப்பா சட்டை எது, பாப்பா சட்டை எது என்று பிரிப்பது. துணி கிளிப்பை அமுக்கித் திறப்பது இரண்டு வயதுக்குப் பெரிய சவால். கோலம் போடும்போது கொஞ்சம் மாவைக் கொடுத்தால் புள்ளி வராது, திட்டுத்தான் வரும். ஆனால் தன் கை அசைந்ததால் தரையில் ஒரு கோடு உண்டானது என்று அது கண்டுகொள்ளும். எழுத்தின் தொடக்கம் அந்தக் கண்டுபிடிப்பு. சிலேட்டில் ‘அ’ எழுதவைக்க இன்னும் காலம் இருக்கிறது. விஜயதசமியன்று அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதவைப்பது சடங்கு. மறுநாளிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு ஹோம்வொர்க் கொடுப்பது கொடுமை.

இந்த வேலைகளில் குழந்தையைச் சேர்த்தால் பத்து நிமிட வேலை அரை மணி ஆகும். கீரை பாதி தரையில் கிடக்கும். அடுப்பில் ஒரு கண், தண்ணீர் மோட்டாரில் ஒரு காது என்று தனியாக நிற்கும் ஒருத்திக்கு ‘வீட்டு வேலையையே விளையாட்டாக மாற்றுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. பழைய வீடுகளில் இது நடந்ததற்குக் காரணம் அன்றைய தாய்மார் கூடுதல் பொறுமைசாலிகள் என்பதல்ல. முற்றத்தில் முறம் புடைக்க ஒருவர், குழந்தையைப் பிடிக்க ஒருவர், கதை சொல்ல ஒருவர் என்று கைகள் இருந்தன. அந்தக் கைகளில் பல, பள்ளிக்கு அனுப்பப்படாத அக்காமார்களுடையவை. ஆகவே அந்தக் காலத்தை முழுசாகத் திரும்ப அழைக்கும் ஏக்கம் எனக்கில்லை.

பழைய விளையாட்டுச் சாமான்களிலும் பொறுக்கி எடுக்க வேண்டும். பல்லாங்குழியில் இடும் புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவில் இருப்பவை. குன்றிமணி அதைவிட மோசம். ஓடு உடைந்த விதை கடும் விஷம். வறுத்த வேர்க்கடலை, கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, பொம்மை ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி எல்லாமே ஆபத்து. ஏறத்தாழ 3 செ.மீ. விட்டத்துக்குள் அடங்கும் எதையும் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் விளையாட்டு குழந்தைக்கு உயிர். ஆனால் பாதி நிரம்பிய வாளியில் தலைகுப்புற விழுந்தாலே போதும், எழ முடியாது. தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகளில் டிரம்முக்கும் சம்புக்கும் மூடி இருக்கிறதா என்று பார்ப்பது எந்த ஆக்டிவிட்டிக்கும் முந்தின வேலை. வாங்குகிற பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் கட்டாயம். சாலையோரத்தில் கிடைக்கும் வண்ணம் உரியும் பொம்மைக்கு அந்த முத்திரை இருக்காது.

ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளில் குறைந்தது 180 நிமிடமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. மூன்று மணிநேரத்தை இரண்டு அறைக்குள் செலவழிக்க முடியாது. மறைமலைநகரில் வெளியே போனால் பார்க்க நிறைய இருக்கிறது. காமராஜர் ரயில் நிலையத்தில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் போகும் மின்சார ரயில்கள்: வருது, நிக்குது, போயிடுச்சு. இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று வினைச்சொற்கள், அவற்றை மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்க அடுத்த வண்டி. கோடையில் சாலையோரம் நுங்கு வெட்டுபவரிடம் தின்றுபோட்ட இரண்டு குரும்பைகளைக் கேட்டு வாங்கி, குச்சியால் இணைத்து, கவட்டைக் கழியால் தள்ளினால் நுங்கு வண்டி. குழந்தைக்குத் தள்ளத் தெரியாது. அண்ணன் தள்ள, பின்னால் ஓடும். அதுவும் கணக்கில் சேரும்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் கடலும் மணலும் கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அர்ச்சுனன் தபசுப் பாறை. இத்தனை பெரிய படப்புத்தகம் வேறெங்கும் இல்லை. சாலையோரம் நின்றே பார்க்கலாம். பெரிய யானை, அதன் காலடியில் குட்டி யானைகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், கைதூக்கித் தவம் செய்யும் பூனை, அதை நம்பி வந்த எலிகள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசு. தலபுராணமும் பல்லவர் காலமும் குழந்தைக்கு வேண்டாம். யானை எங்கே, குட்டி எங்கே, பூனை என்ன செய்யுது, இவ்வளவு போதும். வெண்ணெய்ப் பந்துப் பாறையின் சரிவில் சறுக்கி விளையாடும் குழந்தைகளையும் அங்கே பார்க்கலாம்.

பேசுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. விருந்தாளி வந்ததும் ‘மூக்கு எங்கே, காது எங்கே, ஏ ஃபார் சொல்லு’ என்று பரீட்சை வைப்பது ஒருவகைப் பேச்சு. குழந்தை ஜன்னலில் காக்கையைப் பார்த்து ‘கா’ என்றதும், ‘ஆமா, காக்கா. பறந்துடுச்சு. எங்க போச்சு?’ என்று அதன் சொல்லைப் பிடித்து நீட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் மொழி வேகமாக வளர்கிறது. வீட்டு மொழி எதுவோ அதிலேயே பேசலாம். மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில், தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேச முயன்று, கடைசியில் ‘கம், சிட், ஈட்’ என்ற மூன்று கட்டளைகளோடு உரையாடல் முடிந்துபோகிற வீடுகள் உண்டு. ஒடியாவோ தெலுங்கோ உருதுவோ பேசும் வீட்டில் அந்த மொழியும், தெருவில் தமிழும் கேட்டு வளரும் குழந்தை குழம்பிப்போகாது. புத்தகத்துக்கும் வழி இருக்கிறது: சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழில் படக்கதை நூல்கள் வெளியிடுகிறது; பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். குழந்தை ஒரே புத்தகத்தை நாள்தோறும் கேட்டு உயிரை எடுக்கும், எடுக்கட்டும். அடுத்த பக்கத்தில் என்ன என்று அதற்குத் தெரிந்திருப்பதுதான் அந்த இன்பம். நண்டு விளையாட்டின் தொடர்ச்சி.

செல்போனைப் பற்றி அம்மாக்களைத் திட்டும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன். 2003இல் பட்ரீஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவுக்கு நேரில் ஆள் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடிப் பேசினார். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சு திரையில். நேரில் கேட்டவை சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கேட்டவை எதையும் கற்கவில்லை. திரையிலிருப்பவர் குழந்தை முகத்தைப் பார்த்து நிறுத்துவதில்லை, அது கை நீட்டினால் திரும்புவதில்லை. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ கால் பரவாயில்லை, ஐந்து வயதுவரை ஒரு மணிநேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2021இல் சொன்னது. அந்த வீடியோ கால் விலக்கு அறிவுள்ள விலக்கு. ஊரிலிருக்கும் பாட்டி திரையில் வந்தாலும் பதில் சொல்லும் ஆள்.

அரசு என்ன செய்திருக்கிறது? எழுத்தாளர் கிருத்திகாவின் மகளான மீனா சுவாமிநாதன் தலைமையில் 1972இல் ஓர் ஆய்வுக்குழு பள்ளி முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அது வழிகோலியது. சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டு அமைப்பதைப் பற்றி அவர் பிரேமா டேனியலுடன் சேர்ந்து எழுதிய நூல், பளபளக்கும் பல கையேடுகளைவிட மேல். தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் இரண்டு வயது முடிந்த குழந்தைகளைச் சேர்க்கின்றன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பணியாளரின் கை மட்டும் போதவில்லை: சமையல், பதிவேடு, எடை, சத்துமாவு, செல்போன் செயலி. 320 அங்கன்வாடிகளில் பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்த ஆய்வில் கற்பிக்கும் நேரம் இருமடங்கானது. கணக்கும் மொழியும் உயர்ந்தன. ஊட்டக் குறைவும் குறைந்தது. அங்கேயும் மாற்றத்தைக் கொண்டுவந்தது புதிய பாடப் பெட்டி அல்ல, கூடுதலாக வந்த ஒரு மனுஷி. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட ‘நவ்சேதனா’ பிறப்பு முதல் மூன்று வயது வரை 36 மாதங்களுக்கு 140 விளையாட்டுகளைத் தருகிறது. நல்ல ஆவணம். சத்துமாவு வாங்க அங்கன்வாடிக்கு வரும் தாய்மாரை அரை மணி உட்காரவைத்து அவற்றில் இரண்டை ஆடிக் காட்டினாலே ஒடிசாவின் கூட்ட முறை இங்கே வந்துவிடும்.

விளையாட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. அதை வீட்டார் கவனிக்கத் தவறுகிறார்கள். தினமும் கூட விளையாடுபவருக்குத்தான் குழந்தை எதைச் செய்யவில்லை என்று முதலில் தெரியும். ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, வேண்டியதைச் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றால், ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற ஆறுதலில் மாதங்களைக் கழிக்கக்கூடாது. காது சோதனையிலிருந்து தொடங்கலாம். இதே மாவட்டத்தில், முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது; சின்னக் குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி அங்கே உண்டு.

மிச்சமிருப்பது நேரம். இரு ஷிஃப்ட் ஓடும் வீட்டில் யார் தரையில் உட்காருவது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. மறைமலைநகரிலிருந்து மகிந்திரா சிட்டி வரை அந்த அளவுள்ள தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. காண்டிராக்ட் பெண்களின் குழந்தைக்கும் அந்தக் காப்பகத்தில் இடம் உண்டா, உள்ளே இருப்பவர் குழந்தையோடு விளையாடத் தெரிந்தவரா, அல்லது தொட்டிலும் டி.வி.யும் மட்டும்தானா? தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையில் கேட்கத் தொடங்க வேண்டிய கேள்விகள் இவை. நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அந்தத் திருத்தம் அனுமதி தந்தது. அந்த நான்கு முறையும் தாய்க்கு மட்டும்தான். அப்பா அதே கம்பெனியில், அதே ஷிஃப்டில் இருந்தாலும்.